நான்கு போர்ட்டுக்கு ஒரே வேகம்

எங்கள் இணைய நிறுவனத்தின் சுவிட்ச் பெட்டியில், கேபிள் செருகும் பதின்மூன்றாவது போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது. பதினான்காவதில் அணைந்தது.

பதினான்கு ஆஸ்பத்திரி லைன். ஆபரேஷன் பாதியில் நிற்கிறது, ஸ்கேன் படம் வரவில்லை, டாக்டர் காத்திருக்கிறார் என்று அங்கிருந்து போன் வந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் தொட்டது பதின்மூன்றை மட்டும்தான். புது வாடிக்கையாளருக்காக, கேபிளைப் பெட்டியோடு சேர்க்கும் பத்து ஜிகாபிட் வேக மாட்யூலைச் செருகினேன். இணைப்பு வரவில்லை. போர்ட்டின் வேகத்தை இருபத்தைந்திலிருந்து பத்துக்கு இறக்கினேன். அதற்குப் பக்கத்து வீட்டில் விளக்கு அணையும் என்று எவன் கண்டான்?

போன மாதம்தான் ஒரு லைனைத் தவறாகப் பிடுங்கி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை நடந்தால் வீட்டோடு இருந்துகொள்ளலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். எனக்குப் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர்.

எதிரே பெட்டிகள் அடுக்கிய ரேக்கின் அருகிலிருந்து நிதானம் எழுந்து வந்தார். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பெண். எதற்கும் பதறாதவர் என்பதால் நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது.

திரையை ஒரே ஒரு முறை பார்த்தார்.

"இந்தப் புதுப் பெட்டியில நாலு நாலு போர்ட்டுக்கு ஒரே வேகம்தாண்ணா. ஒண்ணை இறக்கினா மத்த மூணும் சேர்ந்து இறங்கிடும். இருபத்தஞ்சுல ஓடுற லைன் அறுந்துடும்."

ஏழு வருடமாக இந்த மாதிரிப் பெட்டிகளோடு குடித்தனம் நடத்துகிறேன். எனக்குத் தெரியவில்லை.

பதின்மூன்றிலிருந்த மாட்யூலைக் கழற்றி, நான்கு போர்ட்டும் காலியாகக் கிடந்த வரிசையில், இருபத்தொன்றில் செருகினார். அந்த நான்குக்கும் பத்து. பழைய நான்குக்கு மறுபடி இருபத்தைந்து. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு உலோகத் துண்டு, ஒரு முழு சினிமாவை இரண்டு நொடியில் தள்ளிவிடும். அதைவிட இவருடைய விரல்கள்தான் எனக்கு அதிசயமாக இருந்தன. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

பதினான்கில் பச்சை வந்தது. படம் கிடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்கள். மொத்தம் நான்கு நிமிடம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உடனே நிதானத்தின் போன் அடித்தது. மேலாளர். இரண்டு கையிலும் கேபிள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். யார் பார்த்த வேலை, அவன்தானே என்று மேலாளர் கத்தினார்.

"பெட்டியோட அமைப்பு அப்படி சார். கண்டுபிடிச்சு சரி பண்ணினது அண்ணன்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் மேலாளர் குரல் இறங்கிவிட்டது.

"அப்போ அவரே இருக்கட்டும். அவர் இடத்துல உன்னை நிரந்தரமாப் போடுறேன்னு போன வாரம் சொன்னேன்ல, அதை நிறுத்திடறேன்மா."

சரி சார் என்று சொல்லிவிட்டு, கேபிளை ஒழுங்காகச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்.

அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குச் சற்று நேரம் ஆனது. பிறகு, சரி பண்ணியது யார் என்று சொல்ல மேலாளரின் அறைக்குப் படியேறினேன்.