பேர் கட்டியாச்சு

"எத்தினி நாளா நடக்குது இது?"

லாசர் போட்ட சத்தத்தில் பெனிஷாவின் மடியிலிருந்த லேப்டாப் ஒரு குதி குதித்தது. பிளஸ் டூவில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப். அதன் திரையில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். மேலே, அருள்பாண்டி. கீழே, பேர்டு.

லாசருக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் 'பேர்' என்றால் ஜோடி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரகடத்தில் கார்களுக்குப் பக்கக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் ஆறு வருடமாகப் பேக்கிங் வேலை. இடது ஒன்று, வலது ஒன்று சேர்த்துக் கட்டினால் அது ஒரு பேர். கட்டிய பேரை மேனேஜரே வந்து சொன்னாலும் பிரிக்கக் கூடாது.

"அப்பா, அது ப்ளூடூத்துப்பா! அவர் போன்ல இருக்கற நெட்டை என் லேப்டாப்புக்குக் குடுக்கறாரு. காலேஜ் ப்ராஜெக்டுக்கு. அவ்ளோதான்."

"நெட்டு வேணும்னா கடைக்குப் போ. பையங்கிட்ட இன்னா பேரு வேண்டிக்கீது? இது மட்டும் மெய்யின்னு தெரிஞ்சுது, நாளைலேர்ந்து காலேஜ் கெடையாது. ஈஸ்டர் முடிஞ்ச கையோட சேரப்பணஞ்சேரிக்கு, எங்க அக்கா புள்ளைக்குக் கட்டிக் குடுத்துடுவேன்!"

சொன்னால் செய்துவிடுகிற மனிதர். பெனிஷாவுக்குத் தண்டலம் காலேஜில் இன்னும் இரண்டே மாதம்தான் பாக்கி. அந்த அக்கா மகனை நினைத்தால் அழுகையே வந்தது.

சமையல்கட்டிலிருந்து ஓடிவந்த அன்னபுஷ்பம், கோபத்தில் கணவரையே தோற்கடித்துவிட்டாள். "யாரு, தெருக் கோடியில தண்ணி டேங்குக்குப் பின்னால ரூம் எடுத்துகினு கீறானே, அந்தத் தெக்கத்திக்காரனா? நீ இரு. நான் போயி சட்டையப் புடிச்சு இழுத்தாறேன்!"

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். இழுத்துவர இருபது நிமிடம் ஆயிற்று.

லாசர் வீட்டு வாசலில் தாழ இறங்கியிருக்கும் சிமெண்ட் ஷீட்டு, புதிதாக வருகிறவர்களின் நெற்றியைப் பதம் பார்க்காமல் விட்டதில்லை. ஜெபம் பண்ண வந்த பாதிரியாரே இடித்துக்கொண்டு போயிருக்கிறார். அருள்பாண்டி அழகாகக் குனிந்து உள்ளே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, ஏசணும்னா ஏசுங்க. ஆனா விசயத்தக் கேட்டுட்டு ஏசுங்க."

"சரி, சொல்லு. யாரும் யாரும் பேரு?"

"போனும் லேப்டாப்பும் அண்ணாச்சி. நாங்க இல்ல."

லாசர் முறைத்தார். அவன் போனை எடுத்து நீட்டினான்.

"வைஃபையில குடுத்தா சார்ஜு மடமடன்னு எறங்கிரும். அதான் ப்ளூடூத்து. ஒரு வார்த்த பேச வேண்டாம், மொகத்தக்கூடப் பாக்க வேண்டாம். போன் பக்கத்துல கெடந்தாப் போதும், நெட்டு அதுவா போயிரும். இப்பப் பாருங்க."

போனில் எதையோ தட்டினான். லேப்டாப்பில் நெட் வந்துவிட்டது. அவன் பெனிஷா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அவளும் கீபோர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லாசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் பாதியாகக் குறைந்தது.

"ஆகாசத்துலேர்ந்து பாத்தா அவனவன் வூடு தெரியுதுன்னு கம்பெனியில சொன்னானுங்க. எங்க, காட்டு பாப்போம்."

பெனிஷா தட்டினாள். வல்லம் வடகால் மெதுவாக இறங்கி வந்தது. கம்பெனிக் கூரைகள், காலி மனைகள், தெருக் கோடியில் வட்டமாகத் தண்ணீர் டேங்க்.

"தோ, நம்ம சர்ச்சு!" லாசர் சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டார். மீதிக் கோபமும் போய், அந்த இடத்தில் வெட்கம் வந்தது. நல்ல பையனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே!

"தப்பா நெனச்சுட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ரெண்டு மணி ஷிஃப்ட்டு, கம்பெனி பஸ்ஸு வந்துரும். நான் வாரேன்."

"இனிமே இந்த வூட்டுப் பக்கம் தல வெச்சுப் படுக்காத, ஆமா!" என்று அன்னபுஷ்பம் அப்போதும் விரலை ஆட்டித்தான் அனுப்பிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனாள். லாசருக்கே பாவமாக இருந்தது.

அவன் கிளம்பியதும் லாசர் திரையில் தம் தெருவைத் தேடிப் பிடித்தார். சர்ச்சிலிருந்து ஒவ்வொரு வீடாகத் தாண்டி வந்தார். சொந்த வீட்டின் கூரை பாதி தெரிந்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாம்மா, பாதி வூட்டோட நின்னுபோச்சு?"

"அவர் தெருவுக்குப் போயிட்டாருல்லப்பா. முப்பது அடி தாண்டினா வராது" என்ற பெனிஷா, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லாசர் திரையில் டேங்கைப் பார்த்தார். பாதி வீட்டைப் பார்த்தார். நடுவில் ஐந்து வீடுகள், ஒரு சர்ச், இரண்டு காலி மனைகள்.

"இவன் ரூமு அந்த டேங்குக்குப் பின்னாலல்ல கீது? அப்ப நான் வேலைக்குப் போற நேரத்துல, எங்க இருந்துகினு இவன் உனக்கு நெட்டு குடுத்தான்?"

பெனிஷா லேப்டாப்பை மெல்ல மூடினாள். சமையல்கட்டிலிருந்துதான் பதில் வந்தது.

"பின்ன, அந்தப் புள்ளைய வெயில்லயா நிக்க வெக்கறது?"