ஐம்பத்தெட்டாம் வகை

கிரேன் மெக்கானிக், டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தபோது, அவர் மனைவி கைக்குட்டையைக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பரிசோதனை முடிவு அன்றைக்குத்தான் வருவதாக இருந்தது. மகளின் விசா வேலையில் மாட்டிக்கொண்டதில் அவர் வந்து சேரத் தாமதமாகிவிட்டது.

"வைரஸ் ஒண்ணுதாம்மா, ஆனா நாட்டுக்கு நாடு வகை மாறும்," என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த ஐம்பத்தெட்டாம் வகை நம்ம பக்கம் அவ்வளவா கிடையாது. கிழக்கு நாடுகள்லதான் அதிகம். உடலுறவு மூலமாத் தொத்தும். கவனிக்காம விட்டா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ல கொண்டுபோய் விட்டுடும்."

மெக்கானிக் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கிழக்கே ஒரு துறைமுகத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர் அவர். மனைவியோ உள்ளூரைத் தாண்டாதவள். அதன் பிறகு டாக்டரம்மா சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

கீழே வரும்போது லிஃப்ட் குலுங்கி, பாதியில் நின்றது. அவசர மணியை அமுக்கியதற்கு, ஆள் வருகிறது பொறுங்கள் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு அடங்கியது. எத்தனையோ இயந்திரங்களைப் பிரித்து மாட்டியவருக்கு, அந்த நாலு சுவருக்குள் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மனைவி கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவருக்கு. தன்னால் இவளுக்கு இப்படி ஆயிற்றே என்ற நினைப்பு அவரை விடவில்லை.

"என்னை மன்னிச்சிரு," என்றார். "அங்க இருந்தப்ப ஒருத்தியோட பழக்கம். கடைசி வருஷம் பூரா அவ வீட்லதான் இருந்தேன். உனக்கு இந்த நோயைக் கொண்டாந்தவன் நான்தான். எவ்வளவு பெரிய வைத்தியமா இருந்தாலும் பாத்துடலாம்."

அவள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள். லிஃப்ட் ஓர் உறுமலோடு இறங்கத் தொடங்கியது. கதவு திறந்தும் அவர் நகரவில்லை.

அவள்தான் முதலில் வெளியே வந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. டாக்டர் பேசினது, அங்க படிக்கப் போற நம்ம பொண்ணுக்குத் தடுப்பூசி போடுறதைப் பத்தி."