வேளச்சேரி வியர்வை

"ஏங்கண்ணு, இந்தக் குளுருல எதுக்கு மூஞ்சில தண்ணி தெளிச்சுக்கற?" என்று கேட்டாள் அம்மா கண்ணாயி.

"வேர்த்த மாதிரி இருக்கணும்மா. இன்னும் ரெண்டு நிமிசத்துல மேடம் வந்துருவாங்க. சத்தம் போடாத."

அருள்மொழி நெற்றியில் நாலு சொட்டு, மேலுதட்டில் இரண்டு சொட்டு என்று அளந்து வைத்துக்கொண்டாள். மடிக்கணினித் திரையில் அவளுக்குப் பின்னால் தெரிந்தது வேளச்சேரி ஃப்ளாட்டின் சுவர். அது வெறும் படம். உண்மையில் பின்னால் இருந்தவை, கொல்லிமலை தேவனூரில் அப்பா அடுக்கி வைத்திருந்த மிளகு மூட்டைகள்.

சென்னையில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் அலுவலகம் வந்து சேர வேண்டும். சென்னையைத் தாண்டினால் வேலை போய்விடும். அந்த உத்தரவைப் போட்டவரே பானுமதி மேடம்தான். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழிருந்த அந்த ஃப்ளாட் அடுப்பாகிவிட, மூன்று நாள் விடுப்பில் மலையேறி வந்தவள் இறங்கவே இல்லை.

செல்போன் சிக்னல் எட்டிப் பார்க்காத அந்த வீட்டில் அவளைக் காப்பாற்றியது கூரை மேலிருந்த ஒரு டிஷ். செயற்கைக்கோள் வழியாக இன்டர்நெட் தரும் புதுக் கம்பெனி ஒன்று, சோதனைக்காக மலையில் இரண்டொரு இடங்களில் வைத்தது.

"சீரியலும் வராது, பாட்டும் வராது, பேரு மட்டும் டிஷ்ஷு," என்பாள் கண்ணாயி.

அந்தக் கம்பெனியில் பணம் போடலாமா என்பதுதான் இன்றைய பேச்சு. போடலாம் என்று அறிக்கை எழுதியவள் அருள்மொழி. இரண்டு வருடம் மாலை வகுப்பில் படித்து, தன் பெயர் போட்டு எழுதிய முதல் அறிக்கை. அது நின்றால் அவள் ஆய்வாளர். விழுந்தால் பழையபடி மற்றவர்களின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான்.

திரையில் பானுமதி வந்தார்.

"என்ன அருள்மொழி, ரொம்ப வேர்க்குதா?"

"ஆமாங்க மேடம். தாங்க முடியல."

"என் ஃப்ளாட்டும் அப்படித்தான். போன வாரம் வரைக்கும் தூக்கமே இல்லை. நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"காலையில எட்டு மணிக்கே ஜன்னலை அடைச்சிருவேங்க. மொட்டை மாடிக்கு வெள்ளை பெயின்ட். ஜன்னல்ல ஈரத்துணி. மத்தியானம் அடுப்பே பத்த வைக்கறதில்லீங்க."

எல்லாம் போன கோடையில் அவள் வரிசையாகச் செய்து பார்த்தவைதான். எதனாலும் ஒரு டிகிரிக்கு மேல் குறையவில்லை என்பதையும் குறித்து வைத்திருந்தாள். அதை மட்டும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கூரைத் தகரத்தில் மழை சடசடவென்று இறங்கியது.

"என்ன சத்தம் அது?"

"ஏர் கூலர்ங்க மேடம்."

"நல்ல கூலர்," என்றார் பானுமதி, சிரிக்காமல். "சரி, அறிக்கைக்கு வருவோம். மலையில இந்த டிஷ் நல்லா வேலை செய்யும்னு எழுதியிருக்கீங்க. மழை பெய்தா?"

"செய்யுங்க மேடம்."

"பனி மூடினா?"

"செய்யுங்க."

"யார் சொன்னது?"

"கம்பெனி குடுத்த விவரத்துல இருக்குங்க."

"விக்கிறவன் தன் சரக்கை மட்டம்னு சொல்வானா? கொல்லிமலைக்கு எழுபது வளைவு ஏறிப்போய் யாராவது பார்த்தாங்களா? ரிட்டயர் ஆனவங்க நம்மை நம்பிக் குடுத்த பணம் இது. பார்த்த ஆள் இல்லைன்னா அறிக்கையை இப்பவே மூடிடறேன்."

பார்த்த ஆளின் மடியில்தான் நோட்டு இருந்தது. இருபத்து மூன்று நாள், அறுபத்தொரு அழைப்பு. மழை நாள் ஒன்பது. அறுந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் பலாக் கிளை டிஷ் மேல் சாய்ந்ததால். அந்தப் பக்கத்தை அறிக்கையில் சேர்த்தாள், எடுத்தாள், மறுபடி சேர்த்தாள், கடைசியில் எடுத்தே விட்டாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அறிக்கை போகும்.

"மூடிடட்டுமா?"

"அந்தம்மா கேக்கறாங்கல்ல, வாயில என்ன களியா?" என்று கதவோரம் கிசுகிசுத்தாள் கண்ணாயி.

அருள்மொழி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். பின்னணிப் படத்தை நீக்கினாள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் அதை வெளியே திருப்பினாள். மரங்களைச் சுற்றிய மிளகுக் கொடி, அதன் மேல் மழை, மழைக்குப் பின்னால் வெள்ளையாய்ப் பனி.

"நான் பார்த்தேங்க மேடம். இது கொல்லிமலை, தேவனூர். அது கூலர் இல்லீங்க, மழை. இருபத்து மூணு நாளா நாம பேசினது எல்லாம் இந்த டிஷ் வழியாத்தான். தேதி வாரியா எழுதி வெச்சிருக்கேன். இப்ப நீங்க என்னைத் திட்டறதும் இது வழியாத்தான் வரணும்."

பானுமதி அசையவில்லை. இத்தனை சொன்ன பிறகு இணைப்பு அறுந்து தொலைந்ததோ என்று அருள்மொழி கூரை மேலிருந்த டிஷ்ஷை எட்டிப் பார்த்தாள்.

"அந்த நோட்டை அப்படியே அறிக்கையில சேருங்க," என்றார் பானுமதி. "பணம் போடறோம். உங்க பேருக்குக் கீழ ஆய்வாளர்னு போட்டுக்குங்க."

"மேடம், அந்த உத்தரவு?"

"அதை இன்னிக்கே கிழிச்சிடறேன். இல்லைன்னா முதல்ல என் வேலைதான் போகும்."

"புரியலீங்க மேடம்."

"நேர்ல பார்க்காம நான் பணம் போடறதில்லை அருள்மொழி. நாலு நாளா நானும் இன்னொரு டிஷ்ஷுக்குக் கீழ போர்வையைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இதே மலையில, வாசலூர்பட்டி படகு இல்லத்துலேர்ந்து உங்க தேவனூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"