அடங்காத நட்சத்திரம்

“வயசாயிடுச்சு, சூடும் கம்மி. சுத்துற வேகம் குறைஞ்சு, இந்நேரம் காந்தப்புயலெல்லாம் அடங்கியிருக்கணுமே மேடம்?” திரையிலிருந்த நட்சத்திரத்தைக் காட்டிக் கேட்டான் வான் ஆய்வகத்தில் உடன் பணியாற்றும் செல்வின்.

திலகவதி திரையருகே குனிந்தாள். சற்றுமுன்தான் கணவரிடம் போனில் கத்தியிருந்தாள். உப்பு டப்பா எங்கே என்றுதான் கேட்டார். ஓய்வுபெறப் போகிற வயதில் தனக்கு இவ்வளவு கோபம்.

நட்சத்திர ஒளியின் நிறமாலையைப் பெரிதாக்கினாள். ஒவ்வொரு கோட்டையும் ஒட்டி இன்னொரு கோடு மங்கலாகத் தெரிந்தது.

“பக்கத்துலயே இன்னொரு நட்சத்திரம் இருக்கு செல்வின். அதுதான் இதை ஓயவிடாம சுத்த வைக்குது.”

“விலகிட்டா?”

“அடங்கிடும். ஆனா விலகாது. நட்சத்திரமாச்சே.”

போன் மறுபடி அடித்தது. ‘வீடு’ என்று காட்டியது. அடித்து ஓயும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செல்வின், நம்ம கெஸ்ட் ஹவுஸ்ல ரூம் ஏதாவது காலியா இருக்கா?”