தப்பு என் மேலதான்

கார் பந்தயத்தில் மோதிக்கொண்ட இருவரும் நடுவர் முன்னால் நின்றார்கள். தப்பு யார்மேலோ, அவருக்கு அடுத்த ஞாயிறு பந்தயத்தில் ஓட்டத் தடை.

"தப்பு என் மேலதான் சார்," என்றாள் முன்னால் போன சிவப்புக் கார்க்காரி. "பின்னால வர்றவரை மறிக்க ஒரு தடவைதான் பாதை மாறலாம். நான் ரெண்டு தடவை குறுக்க வந்தேன்."

"அதெல்லாம் இல்ல சார்! பக்கத்துல முழுசா வராமலே வளைவுல கார் மூக்கை நுழைச்சவன் நான்," என்றான் நீலக் கார்க்காரன்.

நடுவருக்குத் தலை சுற்றியது. இருபது வருடத்தில் இந்த அறையில் யாரும் தப்பை ஒப்புக்கொண்டதே இல்லை. வீடியோவைப் போட்டுப் பார்த்தார். இருவரும் சொன்னது உண்மைதான்.

"அப்ப ரெண்டு பேருக்குமே தடை!"

இருவரும் துள்ளிக் குதித்தார்கள்.

"லீவு கேட்டா டீம்ல தரமாட்டேங்கறாங்க சார். ஞாயித்துக்கிழமை எங்க பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள்!" என்றாள் அவள்.

"உங்க ரெண்டு பேர் பாப்பாவா?" நடுவர் வாயைப் பிளந்தார்.

இருவரும் வெளியே போனதும் வராந்தாவில் சத்தம் கேட்டது.

"ஆமா, நீ எதுக்கு ரெண்டு தடவை குறுக்க வந்தே?"

"நீங்க எதுக்கு மூக்கை நுழைச்சீங்க?"

அந்த வழக்கும் தன்னிடமே வந்துவிடப் போகிறதே என்று நடுவர் அவசரமாகக் கதவைத் தாழிட்டார்.