யாழினி திரும்பவில்லை

ஸ்பீக்கரே வெடித்துவிட்டது போல் இருந்தது. முனிராஜ் துள்ளி எழுந்ததில் மடியிலிருந்த செல்போன் தரையில் விழுந்தது.

வெடிக்கவில்லை. இசைதான். வண்டின் ரீங்காரம் போல நெடுநேரம் இழைந்துகொண்டிருந்த மின்னணு ஒலி சட்டென்று நின்று, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து வயலின்களும் முரசுகளும் ஒன்றாக அறைந்தன.

மாடியிலிருந்து வீட்டுக்காரர் நாராயணப்பன் கன்னடம் கலந்து கத்தினார். “ஏனப்பா அது? எதுக்கு இப்டி அலற வுடறே?”

முனிராஜ் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சிரித்தான். அந்த ரஷ்ய இசையமைப்பாளர் இப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் அடிப்பார். சினிமாவுக்கென்றே ஏராளமாகப் போட்டுக் குவித்தவர். அவர் பெயர் இன்னும் முனிராஜின் வாயில் சரியாக நுழையவில்லை. வாரம் முழுக்க தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் இரும்பு இரைச்சலில் நிற்பவன், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மத்திகிரி வாடகை வீட்டில் உட்கார்ந்து அவருடைய பட இசையை ஒவ்வொன்றாகத் தேடிக் கேட்பான்.

ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டியபடி ஒன்பது மாத யாழினி டம்ளருக்குள் டம்ளரைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

அவள் திரும்பவே இல்லை.

தைரியசாலி, என்று நினைத்தான்.

நினைத்தவுடன் ஒரு சந்தேகம் தட்டியது.

தீபாவளி ராத்திரி தெருவே அதிர்ந்தபோதும் அவள் தூங்கினாள். என் பொண்ணுக்குப் பயமே கிடையாது என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தவன் அவன்தான்.

“யாழி.”

டம்ளர் உருண்டது. அவள் அதைப் பிடிக்கப் போனாள்.

“யாழிம்மா!”

செல்போனை எடுத்து இசையைப் பின்னுக்குத் தள்ளினான். சத்தத்தை முழுதாக ஏற்றினான். ரீங்காரம். நிசப்தம். மறுபடி அந்த முரசடி. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

குழந்தையின் பிடரி முடிகூட அசையவில்லை.

தட்டையும் கரண்டியையும் எடுத்து அவள் தலைக்குப் பின்னால் தட்டினான். மெதுவாக ஒரு தடவை. பிறகு வெறி பிடித்தவன் போல.

அவன் நிழல் தரையில் விழுந்ததும்தான் அவள் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பல் தெரியச் சிரித்தாள்.

முனிராஜ் தட்டையும் கரண்டியையும் கீழே வைத்தான். மனைவி சுவாதிக்கு இதை எப்படிச் சொல்வது? கேட்டால் அவள் தாங்குவாளா? அவன் சமையலறைப் பக்கம் பார்த்தான்.

அப்போதுதான் அது உறைத்தது.

இத்தனை அமர்க்களத்துக்கும் சுவாதி வெளியே வரவில்லை. குழந்தை இருக்கிற வீட்டில் என்ன கூத்து இது என்று ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

உள்ளே போனான். அடுப்பு எரியவில்லை. சுவாதி சமையல் மேடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள்.

“சுவாதி, பாப்பாவுக்கு...” அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.

“தெரியும் மாமா.” அவள் திரும்பவில்லை. “நீங்க இன்னைக்குத்தான் தட்டிப் பாக்கறீங்க. தெனமும் நீங்க வேலைக்குப் போனதும் நான் தட்டிப் பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“எந்த மியூசிக் நல்லாருந்தாலும், இது பாப்பா வளந்து கேக்கட்டும், இது பாப்பாவுக்குன்னு எடுத்து வெக்கறீங்க. எந்த வாயால மாமா சொல்லுவேன்?”

முனிராஜ் அவள் கையை மேடையிலிருந்து மெல்ல விடுவித்தான். விரல்கள் சில்லிட்டிருந்தன.

“காலைல முதல் பஸ்ஸுக்கே பெங்களூரு போறோம். காது டாக்டர்கிட்ட,” என்றான். “மூணு பேரும்.”

சுவாதி தலையசைத்தாள். அவன் குரல் நடுங்கியதை இரண்டு பேருமே கேட்டார்கள்.