அவருக்குப் பிடித்த கலர்

“உங்களுக்கு என்ன கலர் சார் பிடிக்கும்?”

துணிக்கடைப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். சட்டை வாங்க வந்த மேனேஜருக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது. பிறந்த தேதியைக் கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பார். பிடித்த கலரை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“எந்தக் கலரா இருந்தா என்னம்மா? சட்டையா இருந்தா போதும்.”

“இங்க இருக்கிறது எல்லாமே சட்டைதான் சார்.”

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் இருமுவதுபோலச் சிரித்தார்.

ஆபீஸில் மேனேஜர் ஒரு புலி. முப்பது பேருடைய லீவும் டிரான்ஸ்ஃபரும் அவர் பேனா முனையில். ஆனால் வீட்டு வாசலை மிதித்ததும் புலி பூனையாகிவிடுவதுதான் வழக்கம். எந்தச் செருப்பு, என்ன சமையல், யார் கல்யாணத்துக்குப் போவது, எல்லாமே மனைவி சொல்கிறபடி. ‘நமக்கெல்லாம் ஏதுப்பா சுதந்திரம்?’ என்று புலம்பி நண்பர்களைச் சிரிக்க வைப்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமைகூட உண்டு.

“ஏதாவது விசேஷமா சார்?”

“நாளைக்கு ஒரு முக்கியமான இடத்துக்குப் போகணும்.”

இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று ரோஷம் வந்தது. அடுக்கிலிருந்து ஆரஞ்சுச் சட்டை ஒன்றை உருவிக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் புகுந்தார். கண்ணாடியில் பழுத்த பப்பாளி ஒன்று தொப்பையோடு நின்றது. ஆனாலும் உள்ளுக்குள் குறுகுறுவென்று ஒரு சந்தோஷம். தானே பார்த்து எடுத்த சட்டை! ஐம்பத்திரண்டு வயதில்!

பொத்தான் போட்டு முடிப்பதற்குள் சந்தோஷம் வடிந்துவிட்டது. கை தானாக போனைத் தேடியது.

மனைவி எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று. “சொல்லுங்க.”

“கடையில இருக்கேன். ஆரஞ்சு கலர்ல ஒரு சட்டை... எனக்கு நல்லா இருக்குமா? இல்ல, நீ எடுக்கிற மாதிரி நீலமே எடுத்துடவா?”

“இதுக்கும் என்னைத்தான் கேக்கணுமா?”

“நீ சொல்லி நான் என்னைக்காவது தட்டியிருக்கேனா?”

“அதுதாங்க பிரச்சினையே! வீடு வாங்கினப்போ கேட்டேன், ‘உன் இஷ்டம்’னீங்க. பொண்ணை என்ன படிக்க வைக்கலாம்னு கேட்டேன், அதுக்கும் ‘உன் இஷ்டம்’. ஏதாவது தப்பாப் போனா மட்டும் ‘நீ சொன்னதுதானே’. உங்களுக்கும் சேர்த்து நானே யோசிச்சு, நானே பயந்து, நானே பழி சுமந்து... எனக்குன்னு நான் எப்பங்க வாழறது?”

மேனேஜர் கண்ணாடியில் தெரிந்த பப்பாளியையே பார்த்தார். கட்டுண்டு கிடப்பது தான்தான் என்றல்லவா இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்!

ஏதாவது சொல்லியாக வேண்டும். யோசித்து யோசித்து, கடைசியில் பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

“சரி... அப்போ எந்தச் சட்டையை எடுக்க?”

அவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

“எதையாவது போட்டுக்கிட்டு நாளைக்கு பத்து மணிக்கு கோர்ட்டுக்கு வந்துடுங்க. ‘ரெண்டு பேருக்கும் பிரிஞ்சு போகச் சம்மதமா’ன்னு ஜட்ஜ் கேப்பாரு. அதுக்காவது என் முகத்தைப் பார்க்காம, நீங்களா ஒரு பதில் சொல்லுங்க.”